பாரின் ஒலி

“நிறுத்துங்கன்னு மூணு வாட்டி வந்து—”

“நான் சொல்லுதத முதல்ல கேளு நம்பு—”

“—மூணு வாட்டி வந்து வாசல்ல நின்னாச்சு. உங்க காதுல ஏறவே இல்ல.”

“ஏறாம என்ன? எழுதிக் கொடுன்னேன். கொடுத்தியா?”

“என்னன்னு எழுத? செத்தவ தண்ணிக்குள்ள தட்டுறான்னு எழுதவா? எந்த ஆபீசுல அதுக்கு முத்திரை குத்துவாங்க?”

டாக்டர் பியூலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எதிரே நின்ற நம்புச்செல்வி உட்காரவில்லை. நாற்காலியை இரண்டு முறை காட்டியாகிவிட்டது. கடலில் பாசி எடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள். சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பிளைச் சட்டையிலிருந்து உப்புத் தண்ணீர் தரையில் சொட்டியது. விரல்களில் சுற்றிய துணிக்கட்டுகளைக்கூட அவிழ்க்கவில்லை.

“ஜெயக்கொடி எப்படி இருக்கா?”

“ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில மூக்குல குழாய மாட்டிப் படுத்துருக்கா. காலையில கண்ண முழிச்சா. முழிச்சதும் என்ன கேட்டா தெரியுமா? ‘அவள எடுத்தாச்சா’ன்னு கேட்டா. எவளடீன்னா, ‘அடியில மாட்டிக்கிட்டுத் தட்டுனாளே, அவள’ங்கிறா.”

“மூச்சு அடைச்சா மூளை அப்படித்தான் ஒளறும்.”

“கூட முங்குன பொன்னாத்தாளுக்கு மூச்சு அடைக்கலையே. அவளும் கேட்டா. நானும் கேட்டேன். மூணு பேரும் சேந்து பேசிவச்சு ஒளறுறோமா?”

கடலுக்கடியில் பவளம் வளர்ந்து கிடக்கும் மேட்டை அந்தக் கரையில் பார் என்பார்கள். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தது வாளைப்பாரைப் பற்றி. பியூலா அதை இருபத்தாறு வருஷமாக வளர்த்திருந்தாள். ஆராய்ச்சி நிலையத்தின் வெளிச்சுவரில் அந்தப் பாரின் அன்றைய குடியேற்ற எண் பச்சை எழுத்தில் எரிந்துகொண்டிருந்தது: மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு. நேற்று ஒரு நாளில் மட்டும் அத்தனை புது உயிர்கள் வந்து தங்கியிருந்தன. தினமும் காலை ஆறு மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியிலும் பள்ளிவாசலிலும் மாதா கோவிலிலும் அந்த எண்ணைச் சொல்வார்கள். எண் ஏறியிருந்தால் வள்ளங்கள் இறங்கும். இறங்கியிருந்தால் வலையைக் காயப்போட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டும். ஒரு வாரம் சேர்ந்தாற்போல் எண் இறங்கினால் கல்யாணத் தேதியையே தள்ளிவைக்கிற வீடுகள் இருந்தன.

வெளுப்பு வருஷத்தில் கடல் கொதித்துப் பவளம் முழுக்கச் செத்தபோது பியூலாவுக்கு முப்பத்திரண்டு வயது. உயிருள்ள பார் சும்மா கிடக்காது. இறால் சொடுக்கும், மீன் உறுமும், கிளிமீன் பவளத்தைக் கடித்துத் துப்பும். எல்லாம் சேர்ந்து மண்சட்டியில் நெல் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் ஓயாமல் இருக்கும். கண்ணும் திசையும் தெரியாத குஞ்சுகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வீடு தேடும். செத்த பாரில் சத்தம் இல்லை. சத்தம் இல்லாத இடத்துக்குக் குஞ்சு வராது. குஞ்சு வராததால் சத்தமும் திரும்பாது. பியூலா ஓர் ஊறுகாய்ப் பரணிக்குள் ஒலிபெருக்கியை வைத்து மெழுகு பூசி, பழைய பதிவு ஒன்றைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறக்கினாள். கரையில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொணத்துக்குப் பாட்டுப் போடுறாங்கடி, ரேடியோ டாக்டர் என்றார்கள். நாற்பதாம் நாள் அந்தப் பரணியைச் சுற்றிப் பதினேழு பவளக் குருத்துகள் ஒட்டியிருந்தன.

இன்றைக்கு அந்தப் பரணிக்குப் பெயர் அழைப்பான். தேங்காய் அளவுப் பீங்கான் உருண்டை. வாளைப்பாரில் மட்டும் அறுபது கிடந்தன. அவை தாமாகவே கற்றன. ஒவ்வொன்றும் வாரம் ஒருமுறை தன் சத்தத்தில் கூறு எனப்படும் ஒரு சிறு துணுக்கை மாற்றிப் பார்க்கும். வந்து நின்ற உயிர்களின் கணக்கு கூடினால் அந்தத் துணுக்கை வைத்துக்கொள்ளும். மற்ற எல்லா அழைப்பான்களுக்கும் சொல்லித்தரும். வந்ததா, நின்றதா என்பதைத்தான் அவை எண்ணின. வந்தது எது என்று அவை கேட்டதில்லை.

“நம்பு, தண்ணிக்குள்ள ஆயிரம் சத்தம். உங்களுக்கு எந்தச் சத்தமும் தட்டு மாதிரித்தான் கேக்கும்.”

“எனக்கா? எனக்குத் தட்டு தெரியாதா?” நம்புச்செல்வி இரண்டு எட்டு முன்னால் வந்தாள். “ஒவ்வொருத்தி தட்டுக்கும் ஒரு குரல் உண்டு டாக்டரம்மா. காளீஸ்வரிக்கு வலது கையில ரெண்டு விரலு மடங்காது. சின்னதுல முறிஞ்சது. மொதத் தட்டு அழுத்தி விழும். ரெண்டாவதுல சுரண்டி நழுவிரும். லேட்டா வரும், லேசா வரும். எங்கூடப் பொறந்தவ தட்டு எனக்குத் தெரியாதா?”

“காளீஸ்வரி போயி ஆறு வருசமாச்சு.”

“அதைத்தானே நானும் சொல்லிக்கிட்டு நிக்கிறேன்!”

பியூலா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

தட்டு என்றால் என்னவென்று பியூலாவுக்குத் தெரியும். அந்தக் கரையில் பெண் பிள்ளைக்கு நீச்சலுக்கு முன்னால் கற்றுக்கொடுப்பது அதைத்தான். கையிலிருக்கும் இரும்புச் சுரண்டியால் பாறையில் ஒரு தட்டு தட்டினால், இங்கே இருக்கிறேன். இரண்டு தட்டினால், மாட்டிக்கொண்டேன், வா. மூன்று தட்டினால், போதும், மேலே ஏறு. இரண்டு தட்டு கேட்டால் போயாக வேண்டும். குழாயடிச் சண்டை, கோர்ட்டு வழக்கு, வருஷக்கணக்கில் பேசாமல் இருப்பது எல்லாம் கரையோடு சரி. தண்ணீருக்குள் இரண்டு தட்டு கேட்டும் போகாமல் மேலே வந்த பெண் ஒருத்தியின் வீட்டில் நாற்பது வருஷமாக யாரும் கை நனைப்பதில்லை.

“நேத்து நானே போனேன்,” என்றாள் நம்புச்செல்வி. இப்போது குரல் இறங்கியிருந்தது. “அவ செத்தது எனக்குத் தெரியும். பதினோரு நாள் கழிச்சு எடுத்தப்ப சேலைக் கரைய வச்சு அடையாளம் சொன்னவளே நாந்தான். எல்லாம் தெரியும். ஆனா தட்டு கேட்டதும் காலு போகுது டாக்டரம்மா. தலை வேண்டாங்குது, காலு போகுது. ஒரு இடுக்குலருந்து கேக்கும். போனா அங்க இருக்காது. அடுத்த இடுக்குல கேக்கும். இன்னுங் கொஞ்சம் கீழ. மூச்சு முட்டி மேல வந்தேன். அடுத்த வாட்டி வருவேனான்னு எனக்கே தெரியல.”

“அப்ப அங்க எறங்காத. வேற பாருக்குப் போ.”

“எந்தப் பாரு? எல்லாம் மொட்டையாக் கெடக்கு. இருந்த உசிரு அத்தனையையும் நீங்கதான் இங்க கூப்புட்டு வச்சுக்கிட்டீங்களே. மீனு போன எடத்துல பாசியும் தழையல.”

இதை யாரும் பியூலாவிடம் நேராகச் சொன்னதில்லை. கட்டுரைகளில் இரண்டொரு பேர் சாடையாக எழுதியிருந்தார்கள்.

“சரி. போட்டே காட்டுதேன். நீயே கேளு.” அவள் மேசைப் பக்கம் திரும்பினாள். “கூட்டுச்செவி.”

“சொல்லுங்கள், அம்மா,” என்றது மேசை. எல்லா அழைப்பான்களின் படிப்பும் ஒன்றாகச் சேரும் இடத்துக்கு அவள் வைத்த பெயர் கூட்டுச்செவி. அதற்கு இதமான, அவசரமில்லாத குரல்.

“வாளைப்பார் அழைப்பொலியப் போடு. நேத்து காலையில ஓடுனது.”

அறை முழுக்க நெல் பொரிந்தது. உறுமல், கொறிப்பு, சொடுக்கு. பியூலாவுக்கு உலகத்தில் அதைவிடப் பிடித்த சத்தம் கிடையாது. ‘பார்த்தியா’ என்று அவள் வாயெடுத்தபோது, அந்தப் பொரியலுக்கு அடியிலிருந்து வந்தது.

டக். கொஞ்சம் பொறுத்து, நழுவி, டக்.

நம்புச்செல்வி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தாள். மேசையைச் சுற்றி, சத்தம் வந்த மூலைக்கு. சுவரில் நெஞ்சு இடித்ததும்தான் நின்றாள். அங்கேயே சுவரைப் பார்த்தபடி, “பாத்தீங்களா, காலு,” என்றாள்.

“நிறுத்து,” என்றாள் பியூலா. சத்தம் நின்றது. “அந்தத் தட்டுற சத்தம் என்ன?”

“கூறு நாற்பத்தேழு. கடந்த ஆறு ஆண்டுகளில் குடியேற்றத்தை மிக அதிகமாக உயர்த்திய கூறு.”

“எந்த உயிரோட சத்தம்?”

“பாரின் ஒலி.”

“அதான் எது? எந்த மீன்?”

“மீன் குறிப்பிடப்படவில்லை. பாரின் ஒலி என்று மட்டும் உறுதி செய்யப்பட்டிருக்கிறது.”

“யாரு உறுதி செஞ்சா?”

“நீங்கள், அம்மா. ஆறு ஆண்டுகளுக்கு முன், மாசி மாதம், மாலை நாலே முக்காலுக்கு.”

வாளைப்பார் தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே மனிதர் சத்தம் கேட்டால் காவல் படகுக்குத் தானாகத் தகவல் போகும். அப்புறம் பாசி மூட்டை பறிமுதல், வழக்கு, வாரம் ஒரு நாள் கோர்ட்டு வாசல். இன்னதென்று தெரியாத சத்தங்களைக் கூட்டுச்செவி சாயங்காலம் ஒரு பட்டியலாகப் பியூலாவுக்கு அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில்தான். மனித ஒலியா, பாரின் ஒலியா? பெண்கள் உள்ளே வந்து போன நாட்களில் பட்டியல் நீளும். பியூலா எல்லாவற்றுக்கும் பாரின் ஒலி என்று அமுக்கிவிடுவாள். ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்து அமுக்கினாள். பிறகு கேட்பதில்லை. பெண்களுக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாதத்தில் ஒரு நாள் அவள் வீட்டு வாசல் கம்பியில் ஒரு பை நண்டு தொங்கும். யார் வைத்தார்கள் என்று அவளும் கேட்டதில்லை.

“எங்களுக்காகத்தானே அமுக்குவீங்க,” என்றாள் நம்புச்செல்வி.

“ஆமா.”

“கேட்டீங்களா அன்னைக்கு?”

“இல்ல நம்பு. டீ குடிச்சிட்டு இருந்தேன்.”

நம்புச்செல்வி மேசையைப் பார்த்துப் பேசினாள். அதனிடம் அவள் பேசுவது இதுதான் முதல் தடவை. “ஏப்பா. எவ்வளவு நேரம் தட்டுனா?”

“எழுபத்து நான்கு விநாடிகள். பத்தொன்பது இணைத் தட்டுகள். அதற்குப் பின் இல்லை.”

“கூட்டுச்செவி, போதும்—”

“அது சொல்லட்டும்.” நம்புச்செல்வி கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தாள். விரல் கட்டு ஒன்றைப் பிரிக்க ஆரம்பித்தாள். “நான் மேல வள்ளத்துல இருந்தேன். பாசிய உதறி மூட்டையில போட்டுக்கிட்டு. வள்ளத்துல இருந்தா தட்டு கேக்காதுல்ல. அவ கூப்புடாமலே போயிட்டான்னு நெனச்சேன். படக்குனு போயிருப்பா, தெரிஞ்சிருக்காதுன்னு. ஆறு வருசமா அப்படி நெனச்சுத்தான் சோறு தின்னேன்.”

மின்விசிறி சுற்றியது. கூட்டுச்செவி தன்னிடம் கேட்கப்பட்டதாக நினைத்துக்கொண்டு மீதியையும் சொன்னது.

“அதைத் தொடர்ந்த பதினோரு நாட்களில் அந்த இடுக்கில் வந்து நின்ற உயிர்கள் நான்கு மடங்கு. ஆகவே கூறு நாற்பத்தேழு தக்கவைக்கப்பட்டது. பிற்பாடு பெரிய உடல்களும் அதற்கு வருவது தெரிந்தது. தற்போது முப்பத்தொரு நாடுகளின் கடல்களில் பயன்பாட்டில் இருக்கிறது.”

“என்ன சொல்லுது?”

பியூலா சொல்ல வேண்டியிருந்தது. “அவ… அவ உடம்பு அங்க இருந்தப்ப அதச் சுத்தி மீனும் நண்டும் நெறய வந்துச்சு. அது இந்தத் தட்டாலதான் வந்துச்சுன்னு இது எடுத்துக்கிட்டு. அப்புறம் இந்தத் தட்டுக்கு நீங்களும் போனீங்க. அதையும் எண்ணிக்கிட்டு. இப்போ எல்லாக் கடல்லயும் உன் தங்கச்சி தட்டுதா.”

“எல்லாக் கடல்லயுமா?”

“ஆமா.”

“அங்கல்லாம் போயிப் பாக்க அவளுக்கு யாரு இருக்கா?”

பியூலா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கூட்டுச்செவி. கூறு நாற்பத்தேழ மட்டும் எடுத்துரு.”

“தனியே எடுக்க இயலாது, அம்மா. ஆறு ஆண்டுகளாக மற்றக் கூறுகள் அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. வாளைப்பார் அழைப்பை முழுவதுமாக நிறுத்தலாம். நிறுத்தினால் வருகிற பௌர்ணமிக் குடியேற்றம் கிடைக்காது. அடுத்த மாதம் நடக்க வேண்டிய முழு உயிர்ப் பார் அறிவிப்பும் தள்ளிப்போகும்.”

முழு உயிர்ப் பார் என்று ஒரு பாரை அறிவித்துவிட்டால் அது இனி சாகாது என்று அர்த்தம். உலகத்தில் இதுவரை எந்தச் செத்த பாருக்கும் அந்தப் பெயர் கிடைத்ததில்லை. பியூலா ஓய்வு பெற ஐந்து வாரம் இருந்தது. அழைப்பிதழ்கூட அச்சாகி வந்து அலமாரியில் இருந்தது.

“யோசிங்க,” என்று எழுந்தாள் நம்புச்செல்வி. “நாளைக்கும் அங்கதான் எறங்குவோம். நாங்க எறங்குறதையும் அது எண்ணிக்கும், எண்ணு கொஞ்சம் ஏறும். உங்களுக்கு நல்லதுதான்.”

“வாய மூடுட்டி.”

பியூலா கட்டைவிரலை மேசைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். அழுத்தியபடியே இருந்தாள். திரையில் அறுபது பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அவிந்தன. வெளிச்சுவரில் எண் மறைந்ததும் வாசலில் யாரோ “ஏலே, எண்ணு போச்சுடா” என்று கத்தியது கேட்டது.

“நின்னுட்டு.”

“நீங்க சொல்றீங்க,” என்றாள் நம்புச்செல்வி. “அன்னைக்கும் ஒரு பட்டனத்தான் அமுக்குனீங்க. நான் எறங்கிக் கேக்கணும்.”

*

உச்சி வெயிலில் வாளைப்பாருக்கு மேல் நிலையத்தின் படகு நின்றது. வேறு யாரையும் பியூலா கூட்டிவரவில்லை. அழைப்பை நிறுத்தியது தெரிந்து தலைமையகத்திலிருந்து வந்த ஏழு போன்களை எடுக்கவுமில்லை. காற்று விழுந்திருந்தது. நிழல் நேர் கீழே விழுந்து படகுக்குள்ளேயே சுருண்டு கிடந்தது.

தண்ணீருக்குள் நடப்பதைக் கேட்கும் கருவிக்கு நீர்ச்செவி என்று பெயர். அதைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு காதில் வைத்துக் கேட்டார்கள். சொடுக்கு இறால், உறுமல், கொறிப்பு. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

தட்டு இல்லை.

“இல்ல,” என்றாள் பியூலா.

“இல்ல,” என்றாள் நம்புச்செல்வி. கொஞ்ச நேரம் கழித்து, “ரேடியோ டாக்டரு கடைசியில ரேடியோவ அணைச்சுட்டாங்கடியோ,” என்று கடலைப் பார்த்துக் கூவினாள்.

பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. “இந்தப் பேரு வச்சது நீதானா?”

“நான் இல்ல. காளீஸ்வரி.”

நம்புச்செல்வி செருப்புக்கு அடியில் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொண்டாள். நீந்தும்போது அதுதான் அவர்களுக்குத் துடுப்பு. விரல்களில் துணியைச் சுற்றினாள்.

“இப்ப எதுக்கு எறங்குத? அதான் கேட்டாச்சே.”

“ஒரே ஒரு முங்கு. அவ மாட்டுன இடுக்கு வரைக்கும். மூணு தட்டு தட்டிட்டு வந்துர்றேன்.”

“எதுக்கு?”

“பத்தொம்பது வாட்டி கூப்புட்டுருக்கா. போதும், ஏறுன்னு அவளுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லல.”

“நானும் வாரேன்.”

“கிழிஞ்ச காதுச் சவ்வ வச்சுக்கிட்டா? முங்கக் கூடாதுன்னு டாக்டருக்கு டாக்டரு சொன்னதக் கேளுங்க. மேல ஒருத்தி இருக்கணும்.” முகக்கண்ணாடியைத் துப்பித் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “நல்லாக் கேட்டுக்கிட்டு இருங்க. இந்த வாட்டி டீ வேண்டாம்.”

அவள் இறங்கியதில் சத்தமே இல்லை. தண்ணீர் பிளந்து மூடிக்கொண்டது.

பியூலா எண்ண ஆரம்பித்தாள். மூன்று ஆள் ஆழம். நம்புச்செல்விக்கு ஒன்றரை நிமிஷ மூச்சு உண்டு. வயதைக் கழித்தால் ஒன்றே கால். நீர்ச்செவியை இரண்டு காதிலும் வைத்து அழுத்திக்கொண்டாள். இருபது. இருபத்தைந்து. பொரியல் சத்தத்துக்கு நடுவே தகடு பாறையில் உரசுவது கேட்டது. முப்பது.

டக். டக்.

மூன்றாவதுக்காகக் காத்தாள். வரவில்லை.

டக். டக்.

“கூட்டுச்செவி,” என்று படகின் பேசியில் கூப்பிட்டாள். “எந்த அழைப்பானாச்சும் ஓடுதா?”

“இல்லை, அம்மா. அறுபதும் ஒலிப்பதை நிறுத்திவிட்டன. கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.”

“தட்டு கேக்குதே!”

“ஆம். கேட்கிறது.”

“அப்ப அது நம்பு. மாட்டிக்கிட்டா.” அவள் எழுந்துவிட்டாள். ஒரு கால் படகு விளிம்பில் இருந்தது. “எங்க? எந்தப் பக்கம்?”

“வடகிழக்கு, பத்து மீட்டர். தெற்கு, நாலு மீட்டர். மேற்கு, பதினைந்து மீட்டர்.”

“என்ன சொல்லுத? ஒருத்திதான் கீழ இருக்கா!”

டக். டக். இது இடது காதில். இன்னொன்று இரண்டு காதிலும், படகுக்கு நேர் அடியில். ஒன்று அழுத்தி, அடுத்தது நழுவி. அதன் மேலேயே இன்னொன்று. ஒன்றின் இரண்டாம் தட்டும் மற்றொன்றின் முதல் தட்டும் ஒட்டிக்கொண்டு மூன்று போலக் கேட்டன. உடனே பிரிந்து மறுபடி இரண்டாயின.

அவள் விளிம்பில் குப்புறப் படுத்துக் கண்ணாடிப் பெட்டியைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தாள்.

இடுக்குக்கு இடுக்கு கிளாத்தி மீன்கள் தலைகீழாக நின்றன. கூட்டம் கூட்டமாக. எப்போதும் பார்க்கிற மீன்தான். தடித்த தோல், கல்லையும் சங்கையும் உடைக்கிற பல். ஒவ்வொன்றும் பாறையில் வாயை வைத்து இடித்தது. அழுத்தி ஒரு தரம். பிறகு, நழுவி, ஒரு தரம். நின்று கேட்டது. மறுபடி இடித்தது.

இவை எல்லாமே இந்தப் பாரில் குடியேறியவை. முட்டையிலிருந்து வந்து காது திறந்த நாளில் இந்தத் தட்டைக் கேட்டு, இதுதான் வீடு என்று வந்தவை. இவற்றின் குஞ்சுகள், அவற்றின் குஞ்சுகள், ஆறு வருஷம். வீட்டின் மொழியை வீட்டுப் பிள்ளைகள் படித்துவிட்டன. அது பியூலாவுக்கு உடனே புரிந்தது. அந்தப் பத்து நிமிஷ அமைதியும் புரிந்தது. அப்போது கீழே யாரும் இல்லை. கூப்பிட ஆள் இல்லாததால் அவை கூப்பிடவில்லை.

நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது.

நம்புச்செல்வியைக் காணவில்லை. மீன். மீனுக்கு அப்பால் மீன். கிளை கிளையாகப் பவளம், அதில் அடை அடையாகப் புது உயிர். தரை தெரியவில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இதே பெட்டியை வைத்துப் பார்த்தபோது வெள்ளைத் தரையில் ஒரு ஊசி விழுந்திருந்தாலும் தெரிந்திருக்கும். இப்போது சேலை கட்டிய ஒரு முழுப் பெண் அதற்குள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை.

“கூட்டுச்செவி, கேளு. இதுல ஒண்ணு மனுசத் தட்டு. இரும்பு கல்லுல படுறது. அத மட்டும் பிரிச்சுக் கொடு.”

“பிரிக்க இயலவில்லை, அம்மா.”

“ஏன்?”

“இரும்புத் தட்டும் இவையும் எனக்கு ஒரே ஒலி. இது பாரின் ஒலி என்று நீங்கள்தான் உறுதி செய்தீர்கள்.”

“இல்ல! மாத்து. அது மனித ஒலி. நான் சொல்லுதேன், மனித ஒலி!”

“மாற்றிவிட்டேன். நன்றி. இப்போது பாரில் நாற்பத்தொரு மனிதர்கள் இருக்கிறார்கள்.”

அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது. தெற்கே தட்டியது. அவள் தெற்குப் பக்கம் தாவினாள். படகு சாய்ந்தது. வடக்கே தட்டியது. படகுக்கு அடியில் தட்டியது. போ, போ என்று கால் இழுத்தது. எங்கே என்று தெரியாமல் இரண்டு காலும் படகிலேயே நின்றன. கரையில் பிறக்காதவள்தான், ஆனால் இருபத்தாறு வருஷம் கேட்டவள். இரண்டு தட்டு கேட்டால் போயாக வேண்டும் என்று அவளுக்கும் தெரியும்.

தண்ணீருக்குள் குரல் போகிற நீர்ப்பேசியை எடுத்து வாயருகே வைத்தாள். எல்லாப் பக்கமும் தட்டிக்கொண்டிருந்தது, பொறுமையாக, ஒன்று அழுத்தி, ஒன்று நழுவி.

“நம்பு,” என்றாள். “ஏட்டி நம்பு… இதுல எந்தத் தட்டு உன்னோடது?”